2 ஜிபி கார்டில் இருந்த திண்ணை

அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது அலமாரியிலிருந்து எங்கள் பழைய சோனி பிஎஸ்பி கையடக்க விளையாட்டுக் கருவியை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் மாலை நான் வேலையிலிருந்து திரும்பியதும் அவன் மகிழ்ச்சியோடு சொன்னான்: "மாமா, இடம் போதவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஃபார்மேட் செய்துவிட்டேன். இப்போது நிறைய இடம் இருக்கிறது."

அவனைக் குறை சொல்ல எதுவும் இல்லை. இடமில்லை என்று கருவி சொன்னது, இடம் உண்டாக்கும் வழி அமைப்புகள் பட்டியலில் இருந்தது, செய்தான். ஆனால் அதில் இருந்த 2 ஜிபி மெமரி கார்டு விளையாட்டுக் கருவிக்கு மட்டும் உரியதல்ல. 2008இலும் 2009இலும் எங்கள் வீட்டில் இருந்த கேமராவும் சோனி சைபர்ஷாட். அதற்கும் அதே மெமரி ஸ்டிக் புரோ டுயோ கார்டுதான். அப்போது அந்தக் கார்டின் விலை அதிகம் என்பதால் ஒன்றையே வாங்கி, பகலில் கேமராவிலும் இரவில் பிஎஸ்பியிலும் மாற்றி மாற்றிப் போட்டோம். லால்குடி வீட்டை இடிப்பதற்கு முந்தைய பொங்கலுக்கு எடுத்த படங்கள் அதில்தான் இருந்தன. பல படங்களுக்கு வேறு பிரதி கிடையாது. அண்ணன் பள்ளி நாட்களில் இரண்டு வருடம் விளையாடிச் சேர்த்த கால்பந்து விளையாட்டின் சேமிப்பும் அதிலேயே இருந்தது.

முதலில் செய்தது கார்டை வெளியே எடுத்ததுதான். இதுபோல் நடந்தால் எல்லோரும் முதலில் செய்ய வேண்டியதும் அதுவே. ஃபார்மேட் செய்த கார்டில் அதன் பிறகு எழுதப்படும் ஒவ்வொரு கோப்பும் பழையது ஒன்றின் மேல் உட்கார வாய்ப்பு உண்டு. பையன் ஃபார்மேட் செய்தபின் ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடியிருந்தான், அதையும் சேமிக்கவில்லை.

பிஎஸ்பி ஃபார்மேட் செய்யும்போது கார்டு முழுவதையும் அழிப்பதில்லை. 2 ஜிபி கார்டு, கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபேட் 16 என்ற முறையில், 32 கேபி அளவுள்ள துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இந்தத் துண்டுக்குக் கிளஸ்டர் என்று பெயர். எந்தக் கோப்பு எந்தெந்தக் கிளஸ்டரில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை கார்டின் தொடக்கத்தில் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒவ்வொன்றும் சுமார் 120 கேபி. அதையடுத்து மேல்மட்டக் கோப்புறைப் பட்டியல், 16 கேபி. ஃபார்மேட் என்பது இந்தக் கால் எம்பியைத் துடைத்துவிட்டு, சில வெற்றுக் கோப்புறைகளை எழுதுவது. புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்தாயிற்று, பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. அந்த நம்பிக்கையோடுதான் உட்கார்ந்தேன்.

கார்டை ரீடரில் போட்டு, லினக்ஸ் கணினியில் டிடி-ரெஸ்க்யூ என்ற மென்பொருள் கொண்டு முழுக் கார்டையும் ஒரே கோப்பாகப் பிரதி எடுத்தேன். கணினி தானாக அந்தக் கார்டைத் திறந்துவிடாதபடி அந்த வசதியை முன்கூட்டியே அணைத்து வைத்தேன். பிரதி எடுத்தபின் கார்டை ஓர் உறையில் போட்டுத் தேதி எழுதி ஒதுக்கிவிட்டேன். இனி எல்லா வேலையும் பிரதியின் மேல்தான். பழைய கார்டை நேரடியாக வைத்துக்கொண்டு மீட்பு மென்பொருளை ஓட்டுவது எனக்கு ஒப்பாத பழக்கம். பதினைந்து வயதான கார்டு எந்த வாசிப்பில் நின்றுபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பிரதியின் மேல் போட்டோரெக் மென்பொருளை ஓட்டினேன். அட்டவணையையே அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு துண்டின் தொடக்கத்தையும் பார்த்து, ஜேபெக் படமென்றால் முதலில் வரும் 'எஃப்எஃப் டி8 எஃப்எஃப்' என்ற அடையாளத்தைத் தேடுகிறது; கிடைத்த இடத்திலிருந்து படத்தை வாரி எடுக்கிறது. அரை மணி நேரத்தில் நானூற்றுச் சொச்சம் படங்கள் வந்தன. பெயர்கள் போய்விட்டன, ஆனால் எடுத்த நாளும் நேரமும் ஒவ்வொரு படத்தின் உள்ளேயே பதிந்திருப்பதால் வரிசைப்படுத்த முடிந்தது. கொல்லைப்புறக் கிணறு, முற்றத்தில் காயும் வடகம், பாட்டியின் அம்மி, கோலத்தைத் தாண்டிப் போகும் பசு. பார்க்கப் பார்க்கத் தொண்டை அடைத்தது.

19 படங்கள் பாதியில் நின்றிருந்தன. அவற்றில் ஒன்று தாத்தா திண்ணையில் செய்தித்தாள் படிக்கும் படம். மேல்பாதியில் ஓட்டுச் சரிவு, தேக்குத் தூணின் தலைப்பகுதி, தாத்தாவின் நெற்றியும் மூக்குக்கண்ணாடியும். அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். செய்தித்தாளும் இல்லை, கையும் இல்லை, திண்ணையும் இல்லை.

அதை அப்படியே விட மனம் வரவில்லை. மற்ற கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, படங்களுக்கு நடுவே தபால்தலை அளவில் சில சின்னஞ்சிறு படங்கள் கிடந்ததைக் கவனித்தேன். 144 புள்ளி அகலம், 80 புள்ளி உயரம். பிஎஸ்பியில் சேமித்த விளையாட்டின் பக்கத்தில் தோன்றும் படத்தின் அளவு இதுதான். ஒன்றில் அண்ணனின் கால்பந்து விளையாட்டுச் சின்னம் இருந்தது. அப்படியானால் அவனுடைய சேமிப்பும் கார்டில் எங்கோ இருக்க வேண்டும்.

போட்டோரெக் அதை எடுத்துத் தராது. விளையாட்டின் சேமிப்புக் கோப்பு மறைகுறியாக்கப்பட்டது. தொடக்கத்தில் அடையாளம் எதுவும் இருக்காது. ஆகவே பைட்டுகளை அப்படியே எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பிரதியைத் திறந்து கையால் தேடினேன். இங்கே ஃபேட் முறையின் ஒரு குணம் கைகொடுத்தது. ஃபார்மேட்டில் அழிவது மேல்மட்டப் பட்டியல் மட்டும்தான். உட்கோப்புறைகளின் பட்டியல்கள் சாதாரணக் கோப்புகளைப் போலக் கார்டின் நடுவில், ஏதோ ஒரு கிளஸ்டரில் எழுதப்பட்டிருக்கும். அவை அழிவதில்லை. பிஎஸ்பி சேமிப்பு ஒவ்வொன்றிலும் 'பாரம்' என்ற பெயரில் ஒரு தகவல் கோப்பு கட்டாயம் உண்டு. அந்தப் பெயரைத் தேடியதும் சில இடங்கள் கிடைத்தன. ஓர் இடத்தில் மூன்று பெயர்கள் அடுத்தடுத்து இருந்தன: தரவுக் கோப்பு, சின்னப் படம், தகவல் கோப்பு.

பட்டியலில் ஒரு கோப்புக்கு 32 பைட்டுகள். முதல் 11 பைட்டுகளில் பெயர். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 26, 27ஆம் பைட்டுகளில் கோப்பு தொடங்கும் கிளஸ்டரின் எண்; 28 முதல் 31 வரை கோப்பின் அளவு. எண்கள் பின்னிருந்து முன்னாக எழுதப்பட்டிருக்கும். தரவுக் கோப்பின் 26, 27இல் '41 27' என்று இருந்தது. திருப்பிப் போட்டால் 2741, பதினாறடிமான எண். வழக்கமான கணக்கில் 10,049. அளவு '00 10 05 00'. அதாவது 3,31,776 பைட்டுகள், 11 கிளஸ்டர்கள். கிளஸ்டர்களின் எண்ணிக்கை 2இல் தொடங்குவதால், 10,049இலிருந்து 2 கழித்து 32,768ஆல் பெருக்கி, தரவுப் பகுதி தொடங்கும் இடத்தோடு கூட்டினேன். அந்த இடத்துக்குப் போய் 11 கிளஸ்டர்களை வெட்டி எடுத்தேன். அதையடுத்த கிளஸ்டரில் சின்னப் படமும், அதற்கடுத்ததில் தகவல் கோப்பும் இருந்தன. மூன்றும் கிடைத்தன.

கோப்புறையின் பெயர் மட்டும் தெரியவில்லை. பெயர்கள் இருந்த பட்டியலின் மேல்தான் பிஎஸ்பி தன் புதிய வெற்றுக் கோப்புறையை எழுதியிருந்தது. நானாக ஒரு பெயர் வைத்துப் போட்டுப் பார்த்தேன். சிதைந்த தரவு என்று பிஎஸ்பி காட்டியது. பிறகுதான் தகவல் கோப்பை வரிவரியாகப் படித்தேன். சேமிப்புக் கோப்புறை எந்தப் பெயரில் இருக்க வேண்டும் என்று அதற்குள்ளேயே எழுதியிருக்கிறது. அந்தப் பெயரை வைத்ததும் அண்ணனின் அணி, அவன் வைத்த பெயரோடு, கடைசியாகச் சேமித்த தேதியோடு திரையில் வந்தது.

இதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்திருந்தேன். சேமிப்பின் கோப்புறைப் பட்டியல் 10,048ஆம் கிளஸ்டரில், தரவு 10,049 முதல் 10,059 வரை, சின்னப் படம் 10,060, தகவல் 10,061. மொத்தம் 14 கிளஸ்டர்கள். பாதியில் நின்ற படங்கள் எந்தெந்தக் கிளஸ்டரில் தொடங்குகின்றன என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். தாத்தா படம் 9,986இல் தொடங்கியது. படம் சிதையும் இடத்தைக் கணக்கிட்டால் 62 கிளஸ்டர்கள் கழித்து. அதாவது 10,047 வரை சரி, 10,048இலிருந்து சாம்பல்.

எண்களைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். தாத்தாவின் படத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது அண்ணனின் கால்பந்து அணி. நடந்தது இதுதான்: முன்பு எடுத்த படங்களை அழித்ததால் சேமிப்புக்கு முன்னால் 62 கிளஸ்டர் காலியிடம் இருந்திருக்கிறது. கேமரா புதிய படத்தை அந்த இடத்தில் எழுதத் தொடங்கி, சேமிப்பின் வாசலில் இடம் முடிந்ததும், அதைத் தாண்டி அந்தப் பக்கம் மிச்சத்தை எழுதியிருக்கிறது. அட்டவணை இருந்தவரை இது சிக்கலே அல்ல. அட்டவணை போனபின் நேர்கோட்டில் படிக்கும் மென்பொருள் சேமிப்புக் கோப்பில் போய் முட்டி நின்றுவிட்டது.

9,986 முதல் 62 கிளஸ்டர்களை ஒரு கோப்பாகவும், 10,062 முதல் அதே அளவுக்குச் சற்று அதிகமாக இன்னொரு கோப்பாகவும் எடுத்து ஒட்டினேன். படத்தைத் திறந்தேன். தூண் கீழ்வரை இறங்கியது. செய்தித்தாள் வந்தது. தாத்தாவின் இடது கை, விரலிடுக்கில் வெற்றிலை. திண்ணையின் ஓரத்தில், சிமெண்டு பெயர்ந்த இடத்தில், நாங்கள் சிறுவயதில் கோலி உருட்டிய குழி. அந்தக் குழி படத்தில் இருந்ததே எனக்கு நினைவில்லை.

இந்த முறையில் 19இல் 7 படங்களை முழுமையாக்கினேன். மற்றவற்றின் மிச்சம் வேறு படங்களால் எழுதப்பட்டுவிட்டது. அவை பாதியாகவே இருக்கின்றன.

இனி இரண்டு கருவிகளுக்கும் தனித்தனிக் கார்டு வேண்டும். மெமரி ஸ்டிக்கை 1998இல் அறிமுகப்படுத்திய சோனி, 2010இல் தன் கேமராக்களில் எஸ்டி கார்டையும் ஏற்கத் தொடங்கியது. அதன்பின் மெமரி ஸ்டிக் மெல்ல மறைந்தது. இன்று நல்ல புரோ டுயோ கார்டு கிடைப்பது அரிது, பழையதை நம்பி வாங்கவும் முடியாது. நடைமுறை வழி, மைக்ரோ எஸ்டி கார்டை உள்ளே செருகிக்கொள்ளும் புரோ டுயோ அடாப்டர். எஸ்டி அடாப்டரைப் போல இது வெறும் கம்பி இணைப்பு அல்ல. இரண்டு கார்டுகளும் பேசும் முறையே வேறு என்பதால் நடுவில் மொழிபெயர்க்க ஒரு சில்லு இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் இரண்டு அடாப்டர்கள் வாங்கினேன். கடைக்காரர் ஒரு பழைய பிஎஸ்பியை மேசைக்கு அடியிலிருந்து எடுத்து, இரண்டையும் அதில் போட்டுக் காட்டிய பிறகே பணம் வாங்கினார்.

மைக்ரோ எஸ்டி கார்டை மட்டும் இணையத்தில் வாங்கினேன். 64 ஜிபி, நம்ப முடியாத விலை. நம்பியிருக்கக் கூடாது. கணினியில் போட்டபோது 59 ஜிபிக்குச் சற்று மேல் காட்டியது; 64 ஜிபி கார்டு அப்படித்தான் காட்ட வேண்டும், ஏனெனில் தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்காக எண்ணுகிறார்கள், கணினி 1,024இன் மடங்காக. அளவு சரியாக இருந்தும் எஃப்3 என்ற சோதனை மென்பொருளை ஓட்டினேன். அது கார்டு நிறையும்வரை ஒவ்வொரு ஜிபியாக எழுதி, பிறகு எல்லாவற்றையும் திரும்பப் படித்து ஒப்பிடுகிறது. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இதே வேலைக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ பயன்படுத்தலாம்.

எழுதும்வரை ஒரு பிழையும் இல்லை. படிக்கும்போது முதல் ஏழு கோப்புகள் சரி. எட்டாவதிலிருந்து கடைசிவரை எல்லாமே கெட்டுப்போனவை. உள்ளே இருந்தது 8 ஜிபி சில்லு. 64 என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டு நிரலை மாற்றியிருந்தார்கள். இதில் ஏமாறுவது எளிது. கோப்புகளின் பெயர்ப் பட்டியல் கார்டின் தொடக்கத்தில், நல்ல பகுதியில் எழுதப்படுகிறது. ஆகவே ஆயிரம் படம் எடுத்தாலும் ஆயிரம் பெயர்களும் பட்டியலில் தெரியும். திறந்தால்தான் உள்ளே ஒன்றுமில்லை என்று புரியும். ஒரு திருமணத்தை முழுநாளும் எடுத்துவிட்டு இரவில் இதைக் கண்டுபிடிப்பவரின் நிலையை நினைத்தால் கோபம் வருகிறது. விலை கொடுத்து வாங்கிய கார்டாக இருந்தாலும், கேமராவில் போடுவதற்கு முன் ஒருமுறை முழுதாக எழுதிப் படித்துப் பாருங்கள். 32 ஜிபிக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அந்தக் கார்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, கடையில் நேராகப் போய் 32 ஜிபியில் ஒன்று, 8 ஜிபியில் ஒன்று வாங்கினேன். இரண்டும் சோதனையில் தேறின. 64 வேண்டாம் என்று முடிவெடுத்ததற்குப் போலி அனுபவம் மட்டும் காரணமல்ல. 32 ஜிபி வரையுள்ள எஸ்டிஎச்சி கார்டுகள் ஃபேட் 32 முறையில் வருகின்றன. அதற்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன; பிஎஸ்பிக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது. அவற்றை ஃபேட் 32க்கு மாற்றிப் பயன்படுத்துகிறார்கள் என்றாலும் எனக்கு அது தேவைப்படவில்லை. பிஎஸ்பியின் விளையாட்டுகள் வரும் யுஎம்டி வட்டு ஒன்றின் முழுக் கொள்ளளவே 1.8 ஜிபிதான். 32 ஜிபி அந்தக் கருவியின் வாழ்நாளுக்குப் போதும்.

பிஎஸ்பி அடாப்டரை உடனே ஏற்றுக்கொண்டது. ஃபார்மேட்டை அதன் அமைப்புகளிலேயே செய்தேன். எந்தக் கருவியில் கார்டு இருக்கப்போகிறதோ அதிலேயே ஃபார்மேட் செய்வதுதான் நல்லது. பின்புற மூடியைத் திறந்தபோது பேட்டரி உப்பியிருந்ததையும் கண்டேன். பிஎஸ்பி வைத்திருப்பவர்கள் இன்றே மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ வேண்டாம், அப்படியே எடுத்து மின்கழிவு பெறும் இடத்தில் கொடுங்கள். சார்ஜரில் மாட்டினால் பேட்டரி இல்லாமலேயே பிஎஸ்பி ஓடும்.

கேமரா சற்று அடம்பிடித்தது. 8 ஜிபி கார்டோடு அடாப்டரைச் செருகியதும் திரையில் 'சி:13:01' என்ற பிழை. கார்டைப் படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்பதற்கான குறியீடு அது. கார்டு கெட்டதா, அடாப்டர் கெட்டதா, கேமராவா? அடாப்டரை பிஎஸ்பியில் போட்டுப் பார்த்தேன், வேலை செய்தது. அப்படியானால் கேமராவின் செருகுவாய். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் தொடுமுனைகளில் பச்சையும் கறுப்புமாய்ப் படிவு. மெல்லிய அட்டைத் துண்டில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டு, பத்து முறை மென்மையாக உள்ளே விட்டு எடுத்தேன். காய அரை மணி நேரம் விட்டேன். மறுபடி செருகியதும் பிழை போய்விட்டது. கேமராவிலேயே ஃபார்மேட் செய்தேன். படம் ஒன்று சுமார் 4 எம்பி என்று வைத்தால் 8 ஜிபியில் ஏறத்தாழ இரண்டாயிரம் படங்கள். நிறையும் முன் பிரதி எடுத்துவிடுவேன் என்பதால் பெரிய கார்டு அதற்குத் தேவையில்லை.

வேறு கருவி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பிஎஸ்பிக்குப் பின் வந்த வீட்டா தனக்கென்று தனி வகைக் கார்டைக் கேட்கும்; 4 முதல் 64 ஜிபி வரை வந்த அவை கேமராவில் பொருந்தா. நின்டெண்டோ 3டிஎஸ் முழு எஸ்டி கார்டையும், நியூ 3டிஎஸ் பின்தட்டுக்குள் மைக்ரோ எஸ்டியையும் வைத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் ஃபேட் 32 வேண்டும். நின்டெண்டோவின் ஸ்விட்ச் சாதாரண மைக்ரோ எஸ்டியில் ஓடுகிறது. 2025இல் வந்த ஸ்விட்ச் 2இல் விளையாட்டுகளை வைக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வகையே வேண்டும். உருவம் ஒன்றாக இருப்பதால் பழைய கார்டு உள்ளே போய்விடும், விளையாட்டு அதில் ஏறாது. வாங்கும் முன் உறையில் எக்ஸ்பிரஸ் குறியைப் பார்த்துவிடுங்கள்.

மீட்ட படங்களை இரண்டு தனி வட்டுகளில் வைத்து, ஒன்றை அக்கா வீட்டில் கொடுத்திருக்கிறேன். திண்ணைப் படத்தை அச்சிட்டுத் தாத்தாவின் மற்றொரு படத்துக்குப் பக்கத்தில் மாட்டியாயிற்று. அண்ணன் சென்ற மாதம் ஊருக்கு வந்தபோது பிஎஸ்பியை அவன் கையில் கொடுத்தேன். அணியின் பெயரைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அக்கா மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்த வீரரை எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினான்.